மழை பெய்யாத ஈரம்

"அப்பா, என் சாக்ஸ் நனைஞ்சிருக்கு."

காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடும்போதுதான் சொன்னாள். மூணு நாளாக மழையே இல்லை.

முன்சீட்டுக்குக் கீழே கார்பெட் சொதசொதவென்று கிடந்தது. ஏர்கான் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். நம்ம சிங்கப்பூரில் அது சகஜம்.

ஒரு டிஷ்யூவை வைத்து அழுத்தினேன். இளஞ்சிவப்பு. விரலில் வழவழப்பு, லேசாகத் தித்திப்பு வாடை. ஏர்கான் தண்ணீருக்கு ஏது நிறம்?

கூலன்ட்! இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம். (விஷம். பிள்ளைகள், பூனைகள் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஒரு வாரமாக முன்கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் போகாத பிசுபிசுப்பு இருந்ததே, அதுவும் இதுதான். நான் துணியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கார் பட்டறைகள் இருக்கும் சின் மிங்கில் மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "ஹீட்டர் கோர் போச்சு தம்பி. காருக்குள்ள சூடு தர்ற சின்ன ரேடியேட்டர். மாத்தணும்னா டேஷ்போர்டையே கழட்டணும்" என்றார்.

"ஹீட்டரை நான் தொட்டதே இல்லையே அண்ணே!"

"நீங்க தொடாட்டி என்ன, இந்தக் கார்ல இன்ஜின் சுடுதண்ணி தினமும் அது வழியாத்தான் சுத்துது."

சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த 13 வயது கார். வருஷம் முழுக்க வியர்க்கிற ஊரில், ஒருநாள்கூட வேலை வாங்காத ஒன்று சத்தமில்லாமல் உழைத்துத் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாயையும் இன்ஜின் பக்கமே இணைத்து, அதை ஒதுக்கிவிட்டார். அரைமணி நேர வேலை.

கால்மிதியை அலசி காரிடாரில் காயப்போட்டிருக்கிறேன். பக்கத்துவீட்டு வாசலுக்குத் தண்ணீர் ஓடுகிறதா என்று இதோடு நாலாவது தடவை எட்டிப் பார்த்தாயிற்று.