முக்காலே மூணு வீசத்தில் உள்ள கணக்கு

"முக்காலே மூணு வீசம் பிள்ளைங்களுக்குப் பின்னம் வராது" என்று அலுத்துக்கொள்ளும் வாக்கியத்திலேயே ஒரு பின்னக் கூட்டல் இருக்கிறது. முக்கால் 12/16, மூணு வீசம் 3/16, ஆக 15/16, அதாவது கிட்டத்தட்ட எல்லாரும். ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை இந்தக் கணக்கு எல்லார் வாயிலும் புழங்கியது. 1957இல் ரூபாயை நூறாகப் பிரித்த நயா பைசா வந்த பிறகு பேச்சில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் "ஐந்தில் மூன்று" எழுதச் சொன்னால் 5/3 என்று எழுதும் பிள்ளையை மக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். காதில் விழுந்த வரிசையில்தான் அது எழுதியிருக்கிறது. தமிழில் மொத்தம் முதலில் வரும், எடுத்த பங்கு பிறகு வரும். ஆனால் நாம் எழுதப் பழக்குவதோ மேலிருந்து கீழே. அதனால் எழுதும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் கோடு, அடுத்து கீழே 5, கடைசியில் மேலே 3. இதற்குப் பதிலாக "மூன்று கீழ் ஐந்து" என்று வாசிக்கப் பழக்கினால், பின்னம் ஒட்டாத இரண்டு எண்களாகிவிடும். பிறகு பிள்ளை 1/2 + 1/4 = 2/6 என்று மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டும். அதே பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்:

"அரை லிட்டர் பாலும் கால் லிட்டர் பாலும் சேர்ந்தா எவ்வளவு?"

"முக்கால் லிட்டர், டீச்சர்."

விடை அதன் கையில்தான் இருந்தது, கேள்வி கேட்ட விதம் மறைத்துவிட்டது. ஒரு தாளைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்பு அரை, இரண்டாவது கால், மூன்றாவது அரைக்கால், நான்காவது வீசம். அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/2 × 1/4 = 1/8. பின்னப் பெருக்கல் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பாட்டி கணக்கு என்று இதை ஒதுக்கியது நமக்குத்தான் நட்டம்.

தமிழும் எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிக்கின்றன. "தொள்ளாயிரத்து நாலு" பிள்ளை கையில் 9004 ஆவது அதனால்தான். 900, 4 என்று இரண்டு அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வலது ஓரம் சேர வைத்துக் காட்டினால் 904 தெரியும். பீகாரிலிருந்து வந்து திருப்பூரில் சேரும் பிள்ளைக்குச் சிக்கல் வேறு மாதிரி. இந்தியில் 29 "உன்தீஸ்", முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள். "தீஸ்" (30) காதில் விழுவதால் 39 என்று எழுதக்கூடும். "இருபத்து ஒன்பது" அதற்கு எளிது, எண்ணுப்பெயர்களைத் தமிழில் பழக்கலாம்.

பத்தாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பதினொன்றில் ஆங்கிலவழிக்கு மாறும்போது இன்னொரு பள்ளம். "8-லிருந்து 3-ஐக் கழி" என்பதில் சொல்லும் வரிசையே எழுதும் வரிசை. "சப்ட்ராக்ட் த்ரீ ஃப்ரம் எயிட்" அதைத் தலைகீழாக்கும், 3 − 8 என்று எழுதிவிடுவார்கள். வகுத்தலில் "டிவைட் த்ரீ இன்டூ ட்வெல்வ்" என்று கேட்டாலும் இதே கதி, 12 ÷ 3 என்பதற்குப் பதில் 3 ÷ 12 வரும். தவறிய கணக்கை அப்படியே தமிழில் வாய்விட்டுச் சொல்லி மறுபடி எழுதச் சொல்லுங்கள். சரியாக வந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது கழித்தல் இல்லை, "ஃப்ரம்" என்ற சொல்.