இரண்டு அங்குலம்

புயல் அடிக்கிறது. தெருவில் ஒருவர் மலங்க மலங்க விழித்துக்கொண்டு நிற்கிறார். பின்னாலிருக்கும் வீட்டின் முன்பக்கம் அப்படியே பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறந்திருந்ததால், அந்த ஓட்டை வழியாகத் தப்பி, நின்ற இடத்திலேயே நிற்கிறார். படம் 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', நடிகர் பஸ்டர் கீட்டன், பேசாத படக் காலத்து ஹாலிவுட் காமெடியன். அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் தச்சு வேலை.

கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் போட்ட செட் அது. முதலில் சட்டத்தை மட்டும் செய்து, கீல்கள் ஆடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பிறகு சட்டத்தைத் தரையில் படுக்க வைத்து, கீட்டனை நடுவில் நிற்க வைத்து, அவரைச் சுற்றி ஜன்னலை அளந்து அடித்தார்கள். தோளுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம், தலைக்கு மேல் இரண்டு, குதிகாலுக்குப் பின்னால் இரண்டு. குதிகால் படும் இடத்தில் தரையில் பெரிய ஆணி அறைந்துவிட்டு, சட்டத்தைத் தூக்கி நிறுத்திப் பலகை அடித்து, பெயிண்ட் பூசினார்கள். எடை சுமார் இரண்டு டன். லேசான தட்டியாக இருந்தால் விழும்போதே முறுக்கிக்கொண்டு குறி தப்பிவிடும்.

உண்மையான ஆபத்து காற்றில்தான் இருந்தது. விமான எஞ்சின் பூட்டிய ஆறு காற்று எந்திரங்கள், லாரியையே புரட்டக்கூடியவை. முன்னாலும் பின்னாலும் புயல் தெரிய வேண்டும், ஆனால் விழுகிற சுவரில் காற்று படவே கூடாது. பட்டால் சுவர் வளையும், இரண்டு அங்குலம் போச்சு. ஒரே டேக்கில் எடுத்தார்கள். (கதையில் முதலில் இருந்தது வெள்ளம். 1927-ல் மிசிசிப்பி வெள்ளம் வந்ததால் புயலாக மாற்றினார்கள்.)

கணக்கு தப்பிய இடமும் உண்டு. 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ரயில் கூரை மேல் ஓடி, தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குவார். தூரத்தை அளந்தார்கள், கொட்டும் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து எடை போட்டுவிட்டார்கள். தண்ணீர் அவரைக் கீழே தள்ளியதில் கழுத்து தண்டவாளத்தில் மோதியது. தலைவலியோடு படத்தை முடித்தார். கழுத்தெலும்பு முறிந்து கூடியிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தபோது பல வருடங்கள் ஆகியிருந்தன.

விழுவது அவருக்குக் குழந்தையிலேயே பழகிப்போன தொழில். 1895-ல் கான்ஸாஸில் பிறந்தவர். பெற்றோரின் மேடைக் காமெடியில் அப்பா அவரைத் தூக்கி எறிவார், அதற்காகச் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி தைத்திருந்தார்கள். 1917-ல் காமெடி நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படத்தில் நடிக்கப் போனவர் முதலில் செய்தது, கேமரா எப்படி ஓடுகிறது என்று அக்குவேறு ஆணிவேறாகக் குடைந்து பார்த்ததுதான்.

1928-ல் எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவுக்குப் போனார். வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தப்பு என்று பின்னால் அவரே சொன்னார். அங்கே எல்லாம் முதலிலேயே பேப்பரில் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். செட்டில் நின்று ஆணியை இரண்டு அங்குலம் தள்ளி அடி என்று சொல்கிற அதிகாரம் போய்விட்டது. குடியும் சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், அங்கே எடுத்த சொதப்பல் படங்கள் நன்றாகவே ஓடின. வசூலில் அடி வாங்கியது அதற்கு முன் எடுத்த 'தி ஜெனரல்' (1926) போன்ற சொந்தப் படங்கள்தான். 1933-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். வாரம் 3,000 டாலர் வாங்கியவர், சில வருடங்களில் அதே கம்பெனிக்கு வாரம் 100 டாலருக்கு மற்றவர்களின் படங்களுக்குக் காமெடி யோசித்துத் தர வந்தார்.

காமெடி நடிகர் ரெட் ஸ்கெல்டனின் 'எ சதர்ன் யாங்கி' (1948) படத்தில் அவர் தந்த ஒரு யோசனை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்; நீலச் சீருடை போட்ட வடக்குப் படைக்கும் சாம்பல் சீருடை போட்ட தெற்குப் படைக்கும் நடுவே ஒருவன் நடக்கிறான். உடையில் பாதி நீலம், பாதி சாம்பல். கொடியிலும் ஒரு பக்கம் இவர்களுடையது, மறுபக்கம் அவர்களுடையது. இரண்டு பக்கமும் கைதட்டல். அப்புறம் காற்று திசை மாறுகிறது.