84 கிலோ

என் சாம்பல் நிறப் பேண்ட் நான்காவது முறையாகக் கொடியில் தொங்குகிறது. பின்பக்கத்து மஞ்சள் மட்டும் போகவே இல்லை. நேற்று எதிர்வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "பட்டாசு இப்போதே வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

பெரியவள் பாலிக்குத்தான் கூப்பிட்டாள். கடற்கரை, கோயில், இளநீர் என்றுதான் சொன்னாள். நான்காம் நாள் இரவு வேனில் அடைத்து, படகில் ஏற்றி, ஜாவாவில் இறக்கிய பிறகுதான் விடிவதற்குள் இஜென் என்ற எரிமலையில் ஏறப்போகிறோம் என்பது தெரிந்தது. ஜாவாவின் கடிகாரம் பாலியைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இனாமாகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரமாவது தூங்கலாம் என்று பார்த்தால், உடல்நலச் சான்றிதழ் வாங்க வரிசையில் நிறுத்திவிட்டாள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள். வாயிலில் காட்டிவிட்டு அந்தக் காகிதத்தை மச்சானிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டரின் பையில் திணித்துக்கொண்டேன்.

இரவு 2 மணிக்கு பால்டுடிங்கிலிருந்து நடை. எரிமலை வாயின் விளிம்புவரை மூன்று கிலோமீட்டர். "இவ்வளவுதானா?" என்று சிரித்தேன். அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறித் திருமலை போனவன் நான். அது 1991இல் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை.

முதல் வளைவிலேயே இருட்டுக்குள்ளிருந்து "டாக்ஸி! டாக்ஸி!" என்று குரல். பெட்ரோல் போட்ட வண்டி அல்ல. இரண்டு சக்கரம், ஒரு பலகை, மேலே மெத்தென்று ஏதோ ஒன்று. முன்னால் இருவர் கயிறு கட்டி இழுப்பார்கள், பின்னால் ஒருவர் தள்ளுவார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர்கள் போகவில்லை. அமாவாசை அன்று இலைக்குக் காத்திருக்கும் காகங்களைப் போல, காலி வண்டியோடு பின்னாலேயே வந்தார்கள். நான் நின்றால் நின்றார்கள். என் காலடிக்கு டார்ச்கூட அடித்தார்கள். இதற்கிடையில், மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கிறது என்று மாதாமாதம் தைலம் வாங்கும் என் மனைவி, பெரியவளோடு பேசியபடி பார்வையிலிருந்தே மறைந்துவிட்டாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் மலை நிமிர்ந்து நின்றது. நான் உட்கார்ந்தேன். வண்டியில்தான்.

பேரம் லட்சத்தில் நடந்தது. அந்த ஊர்ப் பணம் அப்படி. நடுவில் முன்னிழுப்பவர் ஏதோ கேட்டார். "எத்தனை கிலோ என்கிறார்" என்றார் வழிகாட்டி. எடைக்குத் தக்கபடி கூலி போலிருக்கிறது என்று எண்ணி, "84" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். முன்னிழுப்பவர் பல வருடம் கந்தகம் சுமந்தவராம். எரிமலையின் வாய்க்குள் இறங்கி, குழாய் வழியே சிவப்பாக வழிந்து மஞ்சளாக இறுகும் கந்தகத்தைக் கடப்பாரையால் உடைத்து, இரண்டு மூங்கில் கூடையில் 80 கிலோ தோளில் ஏற்றி வெளியே கொண்டுவருவாராம். இதே வண்டிகளில்தான் அதைக் கீழே அனுப்புகிறார்கள். என் பேண்டின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. "கந்தகத்தை நாம் இறக்க வேண்டும். இவர் தானாகவே இறங்கிவிடுவார்" என்றாராம். நானும் சிரித்தேன்.

பாதி வழியில் வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டு மறுபடி ஏதோ சொன்னார். வழிகாட்டி சற்றுத் தயங்கினார்.

"84 கிலோ கந்தகம் இப்படிக் கனக்காதாம்."

நான் நட்சத்திரங்களைப் பார்த்தேன். நிறைய இருந்தன.

விளிம்பில் என்னை இறக்கிவிட்டார்கள். எரியும் கந்தகப் புகையின் நீலத் தீயைப் பார்க்க உள்ளே இறங்க வேண்டும். விடிந்தால் கண்ணுக்குத் தெரியாது. என் மனைவி முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி, ஒரு மணி நேரத்தில் ஏறி வந்து, "நம் கேஸ் அடுப்பு மாதிரிதான் இருக்கிறது" என்று அறிக்கை அளித்தாள். விடிந்ததும் ஏரி தெரிந்தது. பால் கலந்த நீலப் பச்சை. முழுக்க அமிலம், விரலை விட்டால் விரல் நம்முடையது அல்ல. "இந்த நிறத்தில்தான் பத்து வருடமாகப் புடவை தேடுகிறேன்" என்றாள்.

வண்டிக்காரருக்குப் பேசியதற்கு மேல் ஒரு நோட்டு கொடுத்தேன். எதற்கு என்று புரியாமல் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதற்கு இவ்வளவு?" என்று மனைவியும் கேட்டாள். "குளிர்" என்றேன்.

இறங்கும்போது, நான் உட்கார்ந்த அதே பலகையில் மஞ்சள் மூட்டைகளோடு அவர்கள் என்னைக் கடந்து போனார்கள். அவர் மூட்டையைக் காட்டினார், என்னைக் காட்டினார், கட்டைவிரலை மூட்டையின் பக்கம் உயர்த்தினார். இந்தக் கந்தகத்தில் ஒரு பங்கு சர்க்கரையை வெளுக்க ஆலைகளுக்குப் போகிறது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்று காலை மச்சானுக்குத் திருப்பிக் கொடுக்க ஸ்வெட்டரை மடித்தவள், வழக்கம்போல் பையைத் துழாவினாள். காகிதத்தை விரித்து நிதானமாகப் படித்தாள். மொழி புரிந்திருக்காது. 91 புரிந்திருக்கும்.

ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது, சர்க்கரை இல்லாமல்.