பச்சை நாற்பது, வெள்ளை ரெண்டு

எந்த ஊருக்குக் கிளம்பினாலும் என் பையில் முதலில் போவது ஒரு கைலி. புடவை, சுடிதார், மாத்திரை டப்பா எல்லாம் அதற்குப் பிறகுதான். கரும்பச்சையும் கருநீலமும் மாறி மாறி வரும் கட்டம், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. 1998ல் என் தாத்தா குடியாத்தத்தில் தன் குழித்தறியில் கடைசியாகப் பாவு (நீளவாட்டு நூல்) போட்டு நெய்த துணியிலிருந்து அறுத்தது. "ஆம்பளைத் துணிய எதுக்குமே தூக்கிகினு போற?" என்று ஆயா, என் பாட்டி, இருந்தவரை கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுவிட்டு அதுவே மடித்தும் கொடுக்கும்.

எங்கள் குடும்பத்தில் யாராவது 'பாரம்பரியம்' என்று பேச்செடுத்தால் பீரோவிலிருந்து வெளியே வருவது ஆயாவின் கல்யாணப் புடவை. அரக்கு நிற ஆரணிப் பட்டு. காஞ்சிபுரத்தை விட எடை குறைவு, கையில் எடுத்தால் பூப்போல இருக்கும். சித்தப்பா மகள்கள் அதை மாற்றி மாற்றிக் கட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் அந்தப் புடவை பிடிக்கும். ஆனால் அது நாங்கள் நெய்தது இல்லை. கடனுக்கு வாங்கியது. அந்தக் கடனை அடைக்கத் தாத்தா ஒன்றரை வருஷம் கைலி நெய்தார். பட்டுக்குப் பணம் கொடுத்தது கைலி. எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கியது, நைனாவை, அதாவது என் அப்பாவை, படிக்க வைத்தது, அத்தைகளுக்குக் கம்மல் போட்டது எல்லாம் கைலிதான். அதை யாரும் பீரோவில் வைக்கவில்லை. கிழிந்ததும் கரித்துணி ஆக்கிவிட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அலுவலகத்தில் பொங்கலுக்குப் பாரம்பரிய உடையில் வரச் சொன்னார்கள். நான் எங்கள் ஊர்க் கைலித் துணியில் குர்தா தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். "என்னங்க, வீட்டுத் துணியோட வந்துட்டீங்க" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. இந்தப் பதிவை ஒருவிதத்தில் அன்றிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

தறியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நடையைத் தாண்டினால் தறிக்கூடம். தரையில் இடுப்பளவு குழி, குழிக்குள் மிதி, குழி விளிம்பில் தாத்தா குந்தியிருப்பார். அக்னி நட்சத்திரத்தில் ஊரே கொதிக்கும்போது அந்தக் குழிக்குள் மட்டும் ஜில்லென்று இருக்கும். அவர் சாப்பிட எழுந்ததும் நான் இறங்கி உட்கார்ந்துகொள்வேன். ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. குழியில் தண்ணீர் ஊறும். தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். மழையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பழக்கம் எனக்குச் சென்னைக்கு வந்த பிறகுதான் வந்தது.

விடிவதற்கு முன்னால் தெருவில் பாவு நீட்டுவார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல் பாலம் மாதிரி கிடக்கும். அரிசிக் கஞ்சி தடவி வாரி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் சைக்கிள்காரர்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவார். பிறகு புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் தறியில் இருக்கும் பழைய இழையோடு விரலால் முறுக்கிப் பிணைக்கணும். ஆயிரக்கணக்கான இழைகள். ஆயாவின் கட்டைவிரல் நுனியில் ரேகையே கிடையாது, வழவழவென்று இருக்கும். ஆதார் அட்டை எடுக்கப் போனபோது கைரேகை பதியாமல் நாலு முறை முயன்றார்கள்.

தார் சுற்றுவது, அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குச்சியில் சுற்றி வைப்பது, என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டை முன்னால் உட்கார்ந்து பச்சை ஒரு கூடை, நீலம் ஒரு கூடை, வெள்ளை கொஞ்சம் என்று சுற்றி வைப்பேன். தாத்தா நெய்யும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். பச்சை நாற்பது, வெள்ளை ரெண்டு, நீலம் நாற்பது, வெள்ளை ரெண்டு. பாவில் எந்தக் கணக்கோ ஊடையிலும் அதே கணக்கு. எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஊடையை நெருக்குகிற அடியும் ஒரே மாதிரி விழணும். கோபத்தில் ஓங்கி அடித்தால் கட்டம் குட்டையாகிவிடும், அசந்து அடித்தால் நீண்டுவிடும். "வூட்ல சண்டை போட்டுட்டு தறியில குந்தக்கூடாது பாப்பா, துணி காட்டிக் குடுத்துடும்" என்பார். என்னிடம் இருக்கும் கைலியில் மேலிருந்து கீழே ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. அவருக்கு அப்போது 71 வயது, ஒரு கண்ணில் புரை.

நான் பிறந்தபோது எங்கள் மாவட்டம் வட ஆற்காடு. 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது, ஆரணியும் அந்தப் பக்கம் போனது. 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது, ஆற்காடே ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. ஆயா கடைசிவரை எல்லாவற்றையும் சேர்த்து 'நம்ம ஜில்லா' என்றே சொல்லும். நானும் அப்படித்தான்.

நம்ம ஜில்லாவில் உடுப்பு என்றைக்கும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. போன வருஷம் மகனை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போனேன். அகழியை எட்டிப் பார்த்துவிட்டு, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து புல்தரையில் உட்கார்ந்தோம். 1806 ஜூலை 10ஆம் தேதி விடியற்காலையில் இதே கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததைச் சொன்னேன். நெற்றியில் திருநீறு, நாமம் இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் வைக்கணும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு போட்டது கிளர்ச்சிக்கு முக்கியமான ஒரு காரணம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். "ஒரு தொப்பிக்காகவாம்மா?" என்றான் மகன். தொப்பிக்காக இல்லைடா, நீ யாருன்னு உன் உடம்பு மேல இன்னொருத்தன் எழுதப் பார்த்தான், அதுக்காக என்றேன். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்ட பதில் அதுதான் என்று எனக்குப் புரிந்தது.

பயணத்துக்குக் கைலி போல ஒத்தாசையான துணி வேறில்லை. ரயிலில் விரித்தால் படுக்கை, ஏசி அதிகமானால் போர்வை, சுருட்டினால் தலையணை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு நின்றபோது, உடை மாற்றும் அறையில் கூட்டம் நெரிந்தது. நானும் சின்னம்மாவும் கைலியைத் தலைவழியாக மாட்டிக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு உள்ளேயே மாற்றிக்கொண்டோம். எங்களைப் பார்த்த மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் இரவல் கேட்டு வாங்கினார், அவரிடமிருந்து அவர் மருமகள். ஒரு கைலியில் நாலு பேர் மாற்றினோம். யாழ்ப்பாணம் போனபோது தங்கிய வீட்டுக்காரம்மா கொடியில் காய்ந்த அதைப் பார்த்து, "நல்ல சாரம், எங்க வாங்கினனீங்கள்?" என்று கேட்டார். சாரம் என்ற சொல் எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது பினாங்கு. கோலாலம்பூரில் இருக்கும் தோழி வீட்டிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன் இறங்கினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் கட்டி, 200 ஆண்டுகளுக்கு மேல் நிற்கிற பள்ளி. வந்தவர்களில் பலர் இடுப்பில் கட்டம் போட்ட கைலி. மேலே தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம், காலில் நல்ல செருப்பு. ஆண்டவன் முன் போய் நிற்க அவர்கள் தேர்ந்தெடுத்த உடை அது. தெரு ஓரத்தில் நின்று அவர்கள் அத்தனை பேரும் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு துணிக்கடை. மலாய்க்காரர்கள் கட்டக் கைலியை 'கைன் பெலிகாட்' என்று சொல்வதைக் கடைக்கார பாய்தான் விளக்கினார். கைன் என்றால் துணி. பெலிகாட் என்றால் நம் பழவேற்காடு! 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்கே கப்பலேற்றினார்கள். ஏற்றிய துறைமுகத்தின் பெயர் துணிக்கே ஒட்டிக்கொண்டது. நெய்தவன் ஊர் பெயர் ஒட்டவில்லை என்று ஒரு நிமிஷம் மனசு முரண்டு பிடித்தது.

பையிலிருந்து என் கைலியை எடுத்து மேசை மேல் விரித்தேன். பாய்க்கு எழுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசித்துளைகள். நெய்யும்போது துணி உள்வாங்காமல் இருக்க, இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்கிற குச்சியின் முள் குத்திய தடம். அதைத்தான் தேடியிருக்கிறார்.

"கைத்தறிம்மா இது. யார் நெஞ்சது?"

"எங்க தாத்தா. குடியாத்தம்."

"எங்க தாத்தா ஊர் கடையநல்லூர். அங்கேயும் வீட்டுக்கு வீடு தறிதான். அதை விட்டுட்டுத்தான் கப்பல் ஏறினாங்க" என்றார். பிறகு துணியைத் தட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து, ஆயா மடிப்பது போலவே மடித்து இரண்டு கையாலும் கொடுத்தார். நான் அவரிடம் ஒன்றும் வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். தாத்தா 2003ல் காலமானபோது கூட நான் அவ்வளவு அழவில்லை. படகில் திரும்பும்போது அழுதேன்.

குடியாத்தத்தில் இப்போது எங்கள் குழி இல்லை. செங்கல் ஜல்லி போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி, அந்த இடத்தில் தம்பியின் பைக் நிற்கிறது. விசைத்தறிக் கைலி கைத்தறியை விடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. 1985ல் கைத்தறிக்கென்று ஒதுக்கிச் சட்டம் போட்ட ரகங்களில் லுங்கியும் உண்டு. அது எங்கள் தெருத் தறிகளைக் காப்பாற்றவில்லை. தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. தாத்தாவே அவனிடம், "என்னோட போவட்டும்டா" என்று சொன்னவர்தான்.

இந்த வைகாசி முதல் தேதி சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தரணம்பேட்டையிலிருந்து கெங்கையம்மன் சிரசு தெருத் தெருவாக வந்து, கோபாலபுரத்தில் உடலோடு சேரும் நாள். வழியெல்லாம் தேங்காய் உடைத்து ரோடே வெள்ளையாகிவிடும். வெளியூர் போன அத்தனை பேரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். மத்தியானம் பரண் மேல் பழைய பாத்திரம் எடுக்க ஏறிய அத்தை ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் பழைய நாடா ஒன்று, நாலைந்து தார்க்குச்சி, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். தாத்தா கையெழுத்து. பச்சை 40, வெள்ளை 2, நீலம் 40, வெள்ளை 2. கீழே ஓரத்துக்கு எத்தனை இழை என்று தனிக் கணக்கு.

அந்தத் தாளையும் என் கைலியையும் எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இன்னும் தறி வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போனேன். என் கைலியின் நடு மடிப்பு நைந்துவிட்டது, மூட்டுத் தையலை நானே மூன்று முறை பிரித்துப் போட்டிருக்கிறேன், இன்னும் எத்தனை பயணம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெய்யலாம்மா. ஆனா இந்த நீலம் அப்படியே வராது, கிட்டத்துல வரும். அப்புறம் ஒண்ணு ரெண்டுக்காகப் பாவு போட முடியாது. பாவு போட்டா முழுப் பாவும் நீங்க எடுத்துக்கணும்."

எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். குடும்பக் குழுவில் கேட்டதில் இதுவரை ஒன்பது பேர் வேண்டும் என்றிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் ஆரணிப் பட்டோடு படம் எடுத்துக்கொண்ட சித்தப்பா மகள்கள். நூல் சாயம் போட்டு வந்துவிட்டது என்று நேற்று போன் பண்ணினார். மழை விட்டதும் பாவு நீட்டலாம் என்றார். தார் சுற்ற ஆள் கிடைக்கவில்லையாம். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.