புதிய சிறுநீரகம், பழைய பத்தியம்

உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவில் உணவியல் நிபுணராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. புதிய உறுப்பைப் பெற்றவருக்குப் புதிய உணவுமுறையைச் சொல்லிக்கொடுப்பதைக் காட்டிலும், பழைய உணவுமுறையிலிருந்து அவரை விடுவிப்பதே கடினம். சிறுநீரகம் பெற்றவர்களிடம் இதை மிகத் தெளிவாகக் காணலாம். டயாலிசிஸ் செய்துகொண்ட காலம் முழுவதும் தண்ணீரை அளந்து குடித்து, பழங்களை ஒதுக்கி, காய்கறி வெந்த நீரை வடித்துக் கொட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களும் எங்களைப் போன்றவர்கள்தாம். மீறினால் மூச்சுத்திணறும், இதயத் துடிப்பு தடுமாறும் என்று சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பயம்தான் பலரை மாற்று சிகிச்சை வரை காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தது. புதிய சிறுநீரகம் நன்றாகச் சிறுநீர் பிரிக்கத் தொடங்கியதும், அதே மனிதரிடம் போய், ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள் என்கிறோம். அவர் எப்படி உடனே நம்புவார்?

நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இன்றும் என் நினைவில் இருக்கிறார். கட்டிலருகே நிறைந்த பாட்டில் இருந்தும், அதன் மூடியில் தண்ணீர் ஊற்றி நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். தாகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு மேடம், ஆனா கால் வீங்கிடுமே" என்றார். மருத்துவர் சொன்னார், செவிலியர் சொன்னார், நானும் சொன்னேன். மூவருக்கும் தலையாட்டினார், குடிக்கவில்லை. பிறகு ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்து, உள்ளே போன தண்ணீரை ஒன்றிலும் வெளியேறிய சிறுநீரை மற்றொன்றிலும் அவரையே எழுதவைத்தேன். வெளியேறிய பத்தியின் எண்கள் உள்ளே போனவற்றைத் தாண்டியதை அவர் தன் கையெழுத்தில் பார்த்தார். அன்று மாலையே டம்ளரில் ஊற்றிக் குடிக்கத் தொடங்கினார். நீர்ச்சத்து குறைந்தால் புதிய சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும், புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தும் ரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியது என்பதால் பாதிப்பு இரட்டிப்பாகும் என்ற விளக்கம் அதற்குப் பிறகுதான் அவர் காதில் ஏறியது. புதிய சிறுநீரகம் வேலைசெய்யத் தாமதமாகும் சிலருக்குப் பழைய கட்டுப்பாடே சில காலம் தொடரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்; இல்லையென்றால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பார்த்து இவர் குழம்புவார்.

பாஸ்பரஸ் விஷயம் இன்னும் வியப்பாக இருக்கும். டயாலிசிஸ் காலத்தில் பாஸ்பரஸ் ஏறிவிடக் கூடாதென்று பாலையும் பருப்பையும் குறைத்து, உணவிலுள்ள பாஸ்பரஸ் உடலில் சேராமல் தடுக்க ஒவ்வொரு வேளை உணவோடும் மாத்திரை விழுங்கியவர்கள் இவர்கள். மாற்று சிகிச்சைக்குப் பின், முன்பே மிகுதியாகச் சுரந்துகொண்டிருக்கும், கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளை ஒழுங்குபடுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் தூண்டுதலால் புதிய சிறுநீரகம் பாஸ்பரஸை அளவுக்கு மீறி வெளியேற்றுவதுண்டு. அப்போது அதே பாலையும் பருப்பையும் கூட்டச் சொல்ல நேர்கிறது. பொட்டாசியமோ நேர்மாறாக நடந்துகொள்ளும். சிறுநீரகம் நன்றாக இயங்கினாலும் டாக்ரோலிமஸ் அதை ஏற்றிவிடலாம் என்பதால், பொட்டாசியம் மிகுந்த பழங்களை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுமதிக்க முடியாது. ஆகவே, அச்சடித்த பொதுப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவை அவர் முன்னாலேயே வைத்துப் பேசினால்தான், இன்றைய அனுமதி அடுத்த மாதம் மாறினாலும் அவருக்கு அது முரண்பாடாகத் தோன்றாது.

புரதத்தைப் பொறுத்தவரை குழப்பம் குறைவு. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் புண் ஆறவும், ஸ்டீராய்டால் கரையும் தசையை ஈடுகட்டவும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படுகிறது. பின்னர் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

குடும்பத்தினரின் அன்போடு பேச வேண்டிய இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்ற ஓர் இளைஞரின் அக்கா, நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று யாரோ சொன்ன மூலிகைப் பொடியை வாங்கிவந்திருந்தார். பறித்து வைத்துவிட்டுப் போயிருந்தால், நாங்கள் இல்லாத நேரத்தில் அது டம்ளருக்குள் போயிருக்கும். அவரை உட்காரவைத்து, தம்பியின் உடல் அந்தக் கல்லீரலை இன்னும் அந்நியமாகவே பார்க்கிறது, அந்த எதிர்ப்பை அடக்கத்தான் வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறோம், எதிர்ப்பைப் பெருக்கும் எதுவும் முதலில் இந்தக் கல்லீரலைத்தான் தாக்கக்கூடும் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ கொடுக்கவே கூடாதுங்களே" என்று பொடியைத் தானே பைக்குள் திருப்பி வைத்தார். அதன் பிறகு பார்க்க வந்தவர்கள் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் விசாரித்தவர் அவர்தான். சமைப்பவரும் பரிமாறுபவரும் உடன் இல்லாமல் நோயாளிக்கு மட்டும் நடத்தும் வகுப்பு பாதி வகுப்புதான்.

காரணத்தோடு சொன்னது மறப்பதில்லை. கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் போன்ற பழங்கள் கூடாது என்று மட்டும் சொன்னால், மாத்திரைக்கும் பழத்துக்கும் சில மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று பலர் தாமாகவே முடிவுசெய்துவிடுகிறார்கள். குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழங்கள் முடக்குகின்றன, புதிதாக நொதி உருவாக ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அதுவரை ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியே இருக்கும் என்று விளக்கினால் அந்தக் கணக்கைப் போடமாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த உணவு கெடாது என்று நம்புபவர்களிடம், அந்தக் குளிரிலும் பெருகும் லிஸ்டீரியா கிருமியைப் பற்றிச் சொல்கிறேன். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும், பச்சை முட்டையும் காய்ச்சாத பாலும் முளைவிட்ட பச்சைப் பயறும் வேண்டாம் என்பவை அதற்குப் பிறகு எளிதாக மனத்தில் நிற்கின்றன.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் நாளில் ஒரே மூச்சில் சொல்வது வீண். வீட்டுக்குப் போகும் பரபரப்பில் யாருக்கும் எதுவும் ஏறாது. நான் பகுதி பகுதியாகச் சொல்லி, அடுத்த முறை அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், மாத்திரையும் வெளியேறியிருக்கும், இன்னொன்று போட்டுக்கொள்வேன் என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் ஏறக்கூடும். கூடுதல் மாத்திரை ஆபத்தாகலாம், மருத்துவமனையை அழைப்பதே முறை. திருப்பிச் சொல்லவைக்காமல் இருந்தால் இந்தத் தவறான எண்ணம் எங்களுக்குத் தெரியவே வராது.

என் மனக்குறை, முதல் சில மாதங்களில் இவ்வளவு பேசும் நாங்கள் பிறகு அவர்களைச் சந்திக்காமல் போவதுதான். ஸ்டீராய்டு தரும் பசியில் எடை கூடுவதும், மருந்துகளாலேயே சர்க்கரை நோய் வருவதும், கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதும் மெதுவாக நடக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே நேரும் இறப்புகளில் இதய நோய் முக்கியக் காரணம் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. ஆண்டுப் பரிசோதனைக்கு வருபவர் மருத்துவரைப் பார்த்து ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்; அந்த வரிசையில் உணவியல் நிபுணருக்கும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று பிரிவுக் கூட்டங்களில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.