பத்து வினாடித் தாள்

ஈசிஜி எடுத்து முடித்ததும் பலர் கேட்கிற முதல் கேள்வி, "நெஞ்சு நல்லா இருக்குதா தம்பி?" என்பதுதான். தாளைப் பார்த்துச் சொல்வது டாக்டரின் வேலை, நான் எடுத்துக் கொடுக்கிறவன். ஆனாலும் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருப்பதால் ஒன்று நன்றாகத் தெரியும். எங்கள் மெஷினில் தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். இதயத்தின் மின்துடிப்பைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் 12 லீடும் அச்சாகி வரும் தாளில் இருப்பது வெறும் 10 வினாடி. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிற இதயத்தின் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள். அந்த நேரத்தில் இதயம் ஒழுங்காக இருந்தால் தாளும் ஒழுங்காகத்தான் வரும்.

இதை எனக்குப் புரியவைத்தது காய்கறி விற்கும் ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குள்ள படபடன்னு அடிச்சுக்குது தம்பி. விடியறதுக்குள்ள நின்னுடுது" என்பார். வியாபாரத்தை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் வர முடியும். அந்த நேரத்தில் இதயம் சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். மூன்று தாளும் நார்மல். வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நான்காவது முறை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை விழுந்துவிட்டது, பேச்சுக் குழறியது. அன்றைக்கு எடுத்த ஈசிஜியில், ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இதயத்தின் மேலறைகளுக்காக வரவேண்டிய சின்ன மேடான பி அலையே இல்லை. அடிக்கோடு பொடிப்பொடியாக நடுங்கியது. துடிப்புகள் ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில், எந்தக் கணக்குக்கும் வராமல் நின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகளில் மின்தூண்டல் கண்டபடி அலையும்போது அவை சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையில் காதுமடல் போல ஒரு சின்னப் பை உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்தால் மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். சாதாரணமாகவே இந்தக் கோளாறு பக்கவாத ஆபத்தைச் சுமார் 5 மடங்கு கூட்டுகிறது. அந்த அம்மாவுக்கு மெடிக்கல் காலேஜில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தபோது, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வும் சுருங்கியிருந்தது தெரிந்தது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் படுத்தாராம். ருமாட்டிக் காய்ச்சல் அன்றைக்கு வைத்த புண் முப்பது வருடம் கழித்து இப்படி வந்து நின்றது.

பழைய ஈசிஜி தாள்களை அவர் மகள் பையில் வைத்திருந்தாள். அச்சு மங்கத் தொடங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாம் லீடில் பி அலை மூன்று சின்னக் கட்டத்துக்கு மேல் அகலம், உச்சியில் ஒட்டகத் திமில் போல இரண்டு மேடு. மூன்று தாளிலும் அப்படியே இருந்தது. இடது மேலறை வீங்கியிருக்கலாம், எக்கோ எடுத்துப் பாருங்கள் என்று அந்தத் தாள்கள் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கின்றன. எனக்கு அன்றைக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

இப்போது எலெக்ட்ரோடு ஒட்டுவதற்கு முன்னால் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக நாடி பார்க்கிறேன். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது இதற்கு உதவாது. சந்தேகம் வந்தால் இரண்டாம் லீடை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிடுவேன். தாள் வீணாகிறது என்று ஸ்டோரில் கேட்டிருக்கிறார்கள், கேட்கட்டும். படபடப்பு என்று வந்து தாள் நார்மலாக இருப்பவர்களிடம், "அடுத்த தடவை வரும்போது மணி எத்தனையானாலும் உடனே கேஷுவால்டிக்கு வாங்க, அப்பவே எடுக்கணும்" என்று சொல்கிறேன். டாக்டர் ஹோல்டர் போடச் சொல்வார், உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடலாம் என்கிற சின்ன ஈசிஜி மெஷின். அது 24 மணி நேரம் பதியும். வாரத்துக்கு ஒருமுறை வரும் படபடப்பு அதிலும் சிக்காமல் போகலாம்.

அந்த அம்மா பிழைத்தார். துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். இப்போது பரிசோதனை அவ்வளவாகத் தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் அவரைப்போல வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான். 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றிலும் ருமாட்டிக் வால்வு நோய்க்காரர்களுக்கு, புது மாத்திரையான ரிவராக்சபானைவிடப் பழைய மாத்திரைதான் உயிரைக் கூடுதலாகக் காத்தது. வார்ஃபரின் சாப்பிடும்போது, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும், அதற்காக அறவே விட வேண்டாம், ஒரு வாரம் தட்டு நிறைய, மறு வாரம் ஒன்றுமேயில்லை என்று மட்டும் சாப்பிடாதீர்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள் என்றும் சொல்கிறேன். 'இப்பதான் படபடப்பு இல்லையே' என்று மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது என் அறைக்கும் அவர் வந்துவிட்டுப் போவார். வலது கையில் தராசு பிடிக்க வராததால் மகள்தான் கடையைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை.

போன மாதம் நைட் டியூட்டி. இரண்டே கால் மணிக்கு மகனின் பைக்கில் ஒரு பெரியவர் வந்தார். பகலில் இரண்டு முறை ஈசிஜி எடுத்து நார்மல் என்று போனவர். "நீங்க சொன்னீங்களேன்னு வந்தேன் தம்பி, இப்ப அடிக்குது" என்றார். நாடியைப் பிடித்தேன். இரண்டு வேகமாக, ஒன்று மெல்ல, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. இரண்டாம் லீடை ஓடவிட்டு, ஒரு துண்டுத் தாளின் ஓரத்தை அடுத்தடுத்த முனைகளுக்கு நேராக வைத்துப் பென்சிலால் புள்ளி வைத்தேன். தாளை நகர்த்தி அடுத்த துடிப்புகளோடு பொருத்தினேன். ஒரு இடத்திலும் பொருந்தவில்லை. ஈரம் காயாத எலெக்ட்ரோடுகளை அப்படியே விட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.