ஐந்தரை மீட்டர் படகு

உக்ரைனிடம் இன்று சொல்லிக்கொள்ளும்படி பெரிய போர்க்கப்பல் எதுவும் இல்லை. இருந்த முதன்மைக் கப்பலையும், ரஷ்யர் கையில் சிக்கக்கூடாது என்று 2022 தொடக்கத்தில் உக்ரைனியர்களே மூழ்கடித்துவிட்டார்கள். ஆனாலும் ரஷ்யக் கருங்கடல் படை ரஷ்யா பிடித்து வைத்திருக்கும் கிரிமியாவில் உள்ள தன் தளமான செவஸ்தபோலை விட்டுப் பல கப்பல்களை ரஷ்யாவின் நவரசீஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்த வேண்டியதாயிற்று.

முக்கியக் காரணங்களில் ஒன்று மகுரா வி5. ஆளில்லாப் படகு. நீளம் ஐந்தரை மீட்டர்தான். தண்ணீரோடு ஒட்டிப் போவதால் ரேடாரில் சிக்குவது கஷ்டம். உள்ளே வெடிமருந்து, மேலே கேமரா. எங்கோ தூரத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பில் ஓட்டுகிறார்கள்.

2024 பிப்ரவரி 1 அதிகாலை, கிரிமியாவின் டோனுஸ்லாவ் ஏரிப் பக்கம் இவானவெட்ஸ் ஏவுகணைக் கப்பலை அடித்த காணொளியைப் பாருங்கள். சுற்றிலும் குண்டுகள் தண்ணீரைக் கிழிக்கின்றன, படகு வளைந்து வளைந்து நெருங்குகிறது. ஒன்று மோதிப் போட்ட ஓட்டையைப் பார்த்து அடுத்தது போகிறது! இரண்டே வாரத்தில் சீசர் குனிகோவ் என்ற ரஷ்யத் தரையிறக்கக் கப்பலும் மூழ்கியது.

இதனால் பெரிய கப்பல்களின் காலமே முடிந்தது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருங்கடல் சின்னது, கரைகள் பக்கம். இந்துமாக் கடல் கணக்கே வேறு.

சரி, படகுகளை ஹெலிகாப்டரில் வந்து வேட்டையாடலாம் என்று ரஷ்யர்கள் இறங்கினார்கள். போர் விமானங்களுக்காகச் செய்த ஆர்-73 ஏவுகணையைப் படகிலேயே ஏற்றிவிட்டது உக்ரைன். 2024 டிசம்பர் 31 அன்று ஒரு எம்ஐ-8 ஹெலிகாப்டரை அதை வைத்தே வீழ்த்தியதாக அறிவித்தார்கள்.